பந்தய வண்டியும் பட்டறையும்

சக்கரத்தைக் கண்ட மனிதன் பந்தயத்தையும் உடனே கண்டிருத்தல் வேண்டும். என் வண்டி அவன் வண்டியை முந்துமோ என்னும் ஐயம் ஒருவன் உள்ளத்தில் எழுந்த அன்றே, வண்டியைச் செம்மை செய்யும் கலையும் தொடங்கிற்று எனலாம். பளு குறைந்தது, அச்சு நேர்ப்பட்டது, சக்கரம் இறுகிற்று. ஆதலின் பந்தயம் என்பது வெறுங் களியாட்டு அன்று. வண்டி செய்வோனுக்கு ஆண்டுதோறும் நடைபெறும் பரீட்சையுமாகும். இப்பரீட்சையில் ஒரு கூட்டத்தாரின் மோட்டார் வண்டிகள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எவ்வாறு மாறி வந்தன என்பதையும், அம்மாறுதலினின்று நாம் கற்றுக்கொள்ளத் தக்கது யாது என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

"வானம் பார்த்த கரிசற் காட்டில் வாழும் நமக்கு மோட்டார்ப் பந்தயம் எற்றுக்கு?" என நண்பர் சிலர் நகைக்கக் கூடும். அவர்கட்கு யாம் கூறுவது ஒன்று. பந்தயம் நமக்குப் புதிதன்று. கோவிற்பட்டி, எட்டையபுரம், விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் பொங்கற் காலத்தும் கோயிற் கொடை நாட்களிலும் மாட்டு வண்டிப் பந்தயம் நடைபெறுவதை அறியாதார் யார்? பெரிய மாட்டு வண்டி, சிறிய மாட்டு வண்டி, பூஞ்சிட்டு எனப் பிரிவுகள் வகுத்து, எல்லைக்கல் குறித்து, விடியற்காலையில் சாலையின் இரு மருங்கும் ஊரே திரண்டு நிற்கின்றது. 2014-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பால் இப்பந்தயம் தடைப்பட்டது. 2017-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2023-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லும் எனத் தீர்த்தது. மாடுகளுக்குத் துன்பம் விளையாதபடி காத்தல் வேண்டும் என்னும் கடமை இன்னும் நம்மேல் உளது. அது நிற்க.

அப்பந்தயத்தில் யாம் முதன்மையாகக் காண்பது பிறிதொன்று. தோற்ற வண்டிக்காரன் மறுநாட் காலையில் எங்கே செல்கின்றான்? தச்சனிடமும் கொல்லனிடமும் செல்கின்றான். "ஏர்க்கால் கனக்கிறது, அச்சு இழுக்கிறது, சக்கரம் ஆடுகிறது" என முறையிடுகின்றான். அவ்விருவரும் உள்ளூரினர், அல்லது பக்கத்தூரினர். அவர்களும் பந்தயத்தை நேரிற் பார்த்தவர்களே. குறையை அவர்கள் கண்ணாற் கண்டனர், கையாற் களைகின்றனர். தோல்வி பட்டறைக்குச் சென்று, அடுத்த ஆண்டில் வெற்றியாய்த் திரும்புகின்றது. பந்தயத்திற்கும் பட்டறைக்கும் இடையே உள்ள இவ்வழி மிகக் குறுகியதாய் இருத்தலே வண்டி வளர்தற்குக் காரணம் என்பது எம் கருத்து.

இவ்வுண்மையைப் பேரளவிற் காண விழைவார் இங்கிலாந்து தேசத்துச் சில்வர்ஸ்டன் என்னும் ஊரை நோக்குதல் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் விமானத் தளமாய் இருந்த அவ்விடம், 1948-இல் பந்தயத் தளமாயிற்று. பார்முலா ஒன்று எனப்படும் உலகப் பந்தயத் தொடரின் முதற் பந்தயம் 1950-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் அங்கேதான் நிகழ்ந்தது. அத்தளத்தின் அருகே அயர்லாந்து நாட்டினரான எட்டி ஜோர்டன் என்பார் ஒரு பட்டறை நிறுவி, 1991-இல் தம் முதற் பார்முலா ஒன்று வண்டியை வெளியிட்டார். 191 என எண் பெற்ற அவ்வண்டி பச்சை வண்ணமும் போர்டு இயந்திரமும் உடையது. ஓட்டுநர் வலக்கையாற் கோலைத் தள்ளிக் கியர் மாற்றுதல் வேண்டும். பெருஞ்செல்வம் படைத்த பழங்கூட்டத்தார் பலர் இருந்தும், அச்சிறு பட்டறை தன் முதலாண்டிலேயே வண்டி செய்வோர் வரிசையில் ஐந்தாம் இடம் பெற்றது. பிற்காலத்தில் ஏழு முறை உலக வீரராய் விளங்கிய மைக்கேல் ஷுமாக்கர் தம் முதற் பந்தயத்தை ஓட்டியதும் அவ்வண்டியிலேதான்.

அதன்பின் ஆண்டுக்கொரு வண்டி பிறந்தது. ஒவ்வொன்றும் முன்னதன் குறையைத் தீர்க்கப் பிறந்ததே. 1998-இல் பெல்ஜியம் நாட்டுப் பெருமழையிடையே அக்கூட்டத்தின் இரு வண்டிகளும் முதலிரண்டு இடங்களைப் பெற்றன. அதுவே அவர்தம் முதல் வெற்றி. மறு ஆண்டில் இரு பந்தயங்களில் வென்று மூன்றாம் இடத்திற்கு உயர்ந்தனர். பின்னர்ப் பொருள் முட்டுப்பாட்டால் தளர்வு வந்தது. 2005-இல் அப்பட்டறையின் இ.ஜே. 15 என்னும் வண்டியை ஓட்டியவர் யாரெனில், நம் கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயன். பார்முலா ஒன்று பந்தயத்தில் வண்டி ஓட்டிய முதல் இந்தியர் அவரே. அவ்வாண்டு ஜூன் மாதம் அமெரிக்கப் பந்தயத்தில், டயர் பழுதுபடும் என்னும் அச்சத்தால் பதினான்கு வண்டிகள் விலக, எஞ்சிய ஆறனுள் அவர் நான்காவதாய் வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஆறு வண்டிகளே ஓடின என்பதை மறைத்துப் புகழ்தல் நேர்மை அன்று. ஆயினும் அவ்விடத்தை அடைந்தமையே பெரிது என்பதை மறுத்தலும் நேர்மை அன்று.

இனிக் கூட்டத்தின் பெயர்கள் மாறிய கதையைக் கேண்மின். ஜோர்டன் என்னும் பெயர் 2006-இல் மிட்லாண்டு ஆயிற்று. 2007-இல் ஸ்பைக்கர் ஆயிற்று. அவ்வாண்டின் இறுதியில் இந்தியச் செல்வரான விஜய் மல்லையாவும் ஆலந்து நாட்டு மிக்கேல் மோல் என்பாரும் அதனை விலைக்கு வாங்க, 2008 முதல் ஃபோர்ஸ் இந்தியா எனப் பெயர் பெற்றது. வண்டிகளுக்கு வி.ஜே.எம். எனப் புதிய குறி வழங்கிற்று, 2008-இல் வி.ஜே.எம். 01, 2018-இல் வி.ஜே.எம். 11. இவற்றுள் இரண்டாவது வண்டி 2009-இல் பெல்ஜியம் பந்தயத்திற்கு முந்திய நாட் சோதனையில் எல்லோரினும் விரைந்தோடி முதலிடத்தில் நின்றது. பந்தயத்தில் ஒரு விநாடிக்கும் குறைந்த இடைவெளியில் ஃபெராரி வண்டிக்குப் பின்னே இரண்டாவதாய் வந்தது. 2016, 2017 ஆகிய ஈராண்டுகளில் அக்கூட்டம் உலகில் நான்காம் இடம் பெற்றது. அதனினும் பன்மடங்கு செல்வமுடைய கூட்டங்கள் பின்னே நின்றன.

இக்காலத்தில் வண்டியின் உள்ளும் புறமும் எவ்வளவோ மாறின. 1998-இல் பத்து உருளை இயந்திரம். 2006 முதல் எட்டு உருளை. 2014 முதல் ஆறு உருளை. தடை போடும்போது வீணாகும் ஆற்றலை மின்சாரமாய்ச் சேமித்து மீண்டும் சக்கரத்திற்கு ஊட்டும் கருவியும் சேர்ந்தது. 2018 முதல் ஓட்டுநர் தலையைக் காக்க வளைந்த உலோகச் சட்டம் ஒன்று மேலே பொருத்தப்பட்டது. வேகத்தை மட்டும் வளர்ப்பதே பந்தயம் என எண்ணுவார் இவ்விரண்டையும் ஊன்றி நோக்குவாராக. குறைந்த எரிபொருளில் மிகுந்த பயன் காண்டலும், ஓட்டுவோன் உயிரைப் போற்றலும் பட்டறையின் பாடங்களாயின.

2018-ஆம் ஆண்டின் இடையில் ஃபோர்ஸ் இந்தியா கடனில் மூழ்கியது. கனடா நாட்டு லாரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையிலான செல்வர் சிலர் அதனை மீட்டனர். இந்தியா என்னும் பெயர் நீங்கிற்று. 2019-இல் ரேசிங் பாயிண்ட். 2021 முதல் ஆஸ்டன் மார்ட்டின். 2020-இல் அவர்கள் செய்த வண்டி, முந்திய ஆண்டு மெர்சிடிஸ் வண்டியைப் பார்த்து வரைந்ததெனப் பூசல் எழுந்தது. பின் சக்கரத் தடைக்குக் காற்றூட்டும் குழாயின் வடிவம் பிறர் வடிவமே எனத் தீர்ப்பாகிப் புள்ளிகளும் பணமும் தண்டமாயின. அவ்வண்டியே அவ்வாண்டு டிசம்பரில் பஹ்ரைன் நாட்டில் ஒரு பந்தயத்தை வென்றது. பிறரைப் பார்த்துச் செய்தலில் எது கற்றல், எது களவு என்னும் வினாவை அது நமக்கு விட்டுச் சென்றது.

பெயர்கள் ஆறு, பட்டறை ஒன்று. அயர்லாந்தினர் வந்தார், ஆலந்தினர் வந்தார், இந்தியர் வந்தார், கனடியர் வந்தார். ஒவ்வொருவரும் தம் பெயரை எழுதினர்; தம் வண்ணத்தைப் பூசினர். ஆனால் சென்ற ஆண்டு வண்டியின் குறையை நினைவில் வைத்து இவ்வாண்டு வண்டியைச் செய்த கைகள் சில்வர்ஸ்டனிலேயே இருந்தன. ஃபோர்ஸ் இந்தியா வீழ்ந்த காலத்தில் அங்கே 400-க்கும் மேற்பட்ட தொழிலாளர் இருந்தனர். பெயர் போயிற்று, அவர்தம் கைத்திறன் போகவில்லை. நம் நாட்டின் பெயரைத் தாங்கி அவ்வண்டிகள் உலகெங்கும் ஓடிய பத்தாண்டுகளில், அவை வரையப்பட்டதும் செய்யப்பட்டதும் நம் நாட்டில் அன்று. அக்கூட்டத்தின் வண்டியை ஒரு பெரும் பந்தயத்திலேனும் ஓட்டிய இந்தியர் ஒருவரும் இலர். பெயர் நீங்கிய பின் நம் நாட்டில் எஞ்சியது யாது? ஓர் ஆணி செய்யவேனும் எவரும் கற்றிலர். பொருள் கொடுத்துப் பெயரை எழுதலாம். திறனை எழுதிக்கொள்ள இயலாது.

இதற்கு மாறாக, நம் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்த சிறியதொரு வரலாறு உளது. சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் போர்க்கால விமானத் தளம் ஒன்று இருந்தது. 1950-களில் அங்கே மோட்டார்ப் பந்தயம் தொடங்கிற்று. 1953-இல் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றிற்று. நெடுங்காலம் அங்கே ஓடியவை வீட்டுக் கார்களைத் திருத்தியமைத்தனவும், மேனாடுகளிற் பழமைப்பட்டு இங்கு வந்தனவுமே. செல்வர் மட்டுமே அக்களத்தில் நிற்க இயன்றது.

இந்நிலையை மாற்ற முயன்றவர் கோயமுத்தூர் எஸ். கரிவரதன். பஞ்சாலைத் தொழிற் குடும்பத்தில் தோன்றிய அவர், தாமே பந்தய வீரராயும் வண்டி வரைவோராயும் இருந்தார். மாருதிக் காரின் இயந்திரத்தைக் கொண்டு, ஒருவர் மட்டும் அமரும் பந்தய வண்டியை நம் நாட்டிலேயே செய்வித்தார். பார்முலா மாருதி என்பது அதன் பெயர். பார்முலா ஒன்று வண்டியின் வேகத்தோடு ஒப்பிடின் அஃது ஆமை நடை. ஆயினும் அதன் விலை குறைவு. இயந்திரத்தின் உறுப்பு கெட்டால் உள்ளூர்க் கடையிலேயே வாங்கலாம். எல்லா வண்டிகளும் ஏறக்குறைய ஒரே தன்மையன ஆதலின், பணப் பையின் கனத்தைவிட ஓட்டுநரின் திறன் வெளிப்பட்டது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் புதிய தளம் திறக்கப்பட்டது. 1992-இல் அத்தளத்தில் பார்முலா மாருதி வண்டியைத் தம் முதற் பந்தயத்தில் ஓட்டி முதன் மூவருள் ஒருவராய் வந்த இளைஞரே நாராயண் கார்த்திகேயன். பதின்மூன்று ஆண்டுகட்குப் பின் அவர் ஜோர்டன் வண்டியில் அமர்ந்தார். ஆதலின், கொங்கு நாட்டுப் பட்டறையில் தொடங்கிய தடமே சில்வர்ஸ்டன் பட்டறை வரை சென்றது என்றல் மிகையாகாது.

கரிவரதன் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சிறு விமான விபத்தில் உயிர் நீத்தார். ஆனால் அவர் தொடங்கிய பணி அவரோடு மாயவில்லை. 2003-இல் கோயமுத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் அவர் பெயரால் கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் தளம் எழுந்தது. சங்கிலி செய்யும் தொழிலிற் பெயர் பெற்ற கோயமுத்தூர் எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் பெயரால் எல்.ஜி.பி. பார்முலா 4 என்னும் வண்டிகள் வந்தன. ஸ்விப்ட் காரின் இயந்திரத்தை அவற்றிற் பொருத்தினர். ஒருவர் மறைந்த பின்னும் வண்டி வளர்ந்தது. ஏனெனில் பட்டறை ஊரில் இருந்தது. கோயமுத்தூரில் இது நிகழ்ந்தமைக்கும் காரணம் உண்டு. 1920-இல் ஒரே பேருந்தோடு தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடு முதலானோரின் முயற்சியாலும், பஞ்சாலை இயந்திரங்களைப் பழுது பார்த்த பழக்கத்தாலும், கிணற்று மோட்டார் செய்யும் தொழிலாலும் அவ்வூரில் இரும்பை உருக்கவும் கடையவும் அறிந்த கைகள் முன்னமே நிறைந்திருந்தன.

இனி இன்றைய நிலையை நோக்குவோம். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களின் கூடலில், அரசின் துணையோடு சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய நகரச் சாலைகளில் இரவு விளக்கொளியில் பந்தயம் நடைபெற்றது. மக்கள் திரண்டு கண்டனர், காட்சி அழகியதே. ஆனால் அங்கே ஓடிய இந்திய பார்முலா 4 வண்டிகளின் உடல் பிரான்சு நாட்டு மைகேல் பட்டறையிற் பிறந்தது. உடன் ஓடிய இந்தியப் பந்தய லீக் வண்டிகள் இத்தாலி நாட்டன. உலகத் தரம் வேண்டின் உலக வண்டி வேண்டும் என்பர். பாதுகாப்பு விதிகளை நோக்குங்கால் அவ்வாதத்தில் உண்மையும் உண்டு. ஆயினும் தோற்ற வண்டியின் குறை எங்கே செல்கின்றது? கடல் கடந்து செல்கின்றது. அங்குள்ளவரே அதனைக் களைவர், அங்குள்ளவரே கற்பர். நாம் அடுத்த ஆண்டு விலை கொடுத்துப் புதியது வாங்குவோம். கரிவரதன் காலத்து வண்டியினும் இன்றைய வண்டி விரைவானது. ஆனால் வண்டி செய்யும் நம் கை அன்றைக்கு இருந்த இடத்தைவிட முன்னேறியதா? இவ்வினாவிற்கு விடை கூறாமல் "வளர்ந்துவிட்டோம்" எனல் பொருந்தாது.

மறுப்போர் கூறுவன இரண்டு. முதலாவது, பந்தயம் உயிர்க்கு இறுதி பயப்பது என்பது. இதனை இலேசாய்த் தள்ள இயலாது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் தளத்தில் மோட்டார் சைக்கிட் பந்தயத்தில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். அவ்வயதினரைப் பெருவேகத்தில் ஏற்றுதல் தகுமா என்பதை ஆடவைப்போர் தம் நெஞ்சைக் கேட்டல் வேண்டும். யாம் போற்றுவது பட்டறையை. உயிரைப் பணயம் வைக்கும் துணிச்சலை அன்று. இரண்டாவது, ஏழை நாட்டிற்கு இது வீண் செலவு என்பது. வாங்கும் பந்தயம் வீண் செலவே. செய்யும் பந்தயம் அவ்வாறன்று. சென்னை ஐ.ஐ.டி. மாணவரின் ரஃப்தார் என்னும் கூட்டத்தார், ஆண்டுதோறும் பெட்ரோல் வண்டி செய்து பழகி, 2022 நவம்பரில் தம் முதல் மின்சாரப் பந்தய வண்டியை வெளியிட்டனர். மாணவர் செய்யும் வண்டிகளுக்கான போட்டி அண்மைக் காலத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலேயே நடைபெற்றிருக்கின்றது. அங்கே வேகத்திற்கு மட்டும் மதிப்பெண் இல்லை. வரைவு, செலவுக் கணக்கு, எரிபொருட் சிக்கனம் ஆகியவற்றிற்கும் உண்டு. இவ்வாறு கற்ற இளைஞன் நாளை உழவனுக்கு நல்ல இயந்திரம் செய்யானோ?

கரிசற் காட்டிற்கு இவ்வழி புதியதன்று. 1901-இல் கோவிற்பட்டியில் நிறுவிய வேளாண் ஆராய்ச்சி நிலையம், இம்மண்ணின் பருத்தியையும் சோளத்தையும் இம்மண்ணிலேயே விதைத்துத் தேர்ந்து, கே என்னும் எழுத்தோடு எண் கொடுத்து வெளியிட்டு வந்தது. ஒவ்வோர் எண்ணும் முந்தியதன் குறையறிந்து பிறந்தது. மழை பொய்த்த ஆண்டே அதற்குப் பந்தயம், வயலே பட்டறை. சிவகாசி இளைஞர் இருவர் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டதையும், அத்தொழில் சாத்தூர், கோவிற்பட்டி எங்கும் பரந்ததையும் யாவரும் அறிவர். சிறுவரை வேலை வாங்கிய பழி அத்தொழிலைப் பல்லாண்டு சூழ்ந்தது. அதனை மறைத்தல் தகாது. எனினும் அவ்விருவரும் பெட்டியை வாங்கிவரச் செல்லவில்லை, தொழிலை வாங்கிவரச் சென்றனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. தமிழ்நாட்டில் அரசுத் துணையோடு நடைபெறும் பந்தயங்களில் ஒரு பிரிவேனும் இந்நாட்டிலேயே வரைந்து செய்த வண்டிகளுக்கென ஒதுக்கப்படல் வேண்டும். கோவிற்பட்டி முதலிய ஊர்களில் உள்ள பொறியியற் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் பக்கத்துத் தச்சனையும் கொல்லனையும் லேத்துப் பட்டறைக்காரரையும் வகுப்பறைக்கு அழைத்து, அவர்தம் கண்ணறிவை மாணவர்க்குப் பகிர்தல் வேண்டும். மூன்றாவது, தமிழ் பயிலும் எம்மனோர் கடன். குடம், ஆரக்கால், ஏர்க்கால், நுகத்தடி, கடையாணி என வண்டிக்கு நூறு சொற்களை ஆக்கிய மொழி நம் மொழி. அச்சொற்கள் புலவர் அவையிற் பிறந்தன அல்ல; பட்டறையிற் பிறந்தன. மோட்டார்ப் பட்டறையிலும் இன்று தொழிலாளர் நாவிற் புதுச் சொற்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை இழிந்தன என ஒதுக்காமல், கேட்டு எழுதித் தொகுத்தல் நம் வேலை. செய்யாத பொருளுக்குச் சொல் வாராது. சொல் இல்லாத தொழில் மாணவன் நெஞ்சிற் பதியாது.

பிறர் வண்டியில் நம் பெயரை எழுதி மகிழ்ந்த காலம் ஒன்று இருந்தது; அது 2018-இல் முடிந்தது. இனி, சிறியதாயினும் மெதுவாயினும் நம் வண்டியை நாமே செய்வோமாக. அது முதலாண்டில் தோற்கும், தோற்கட்டும். தோற்ற வண்டி நம் ஊர்ப் பட்டறைக்குத் திரும்பி வருமாயின், அதுவே போதும்.